தீச்சுவரின் திறவுகோல் யார் கையில்?

அழையாது வரும் இணைப்புக்களைக் கணினிக்குள் நுழையவிடாது தடுப்பது தீச்சுவர். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு உலகெங்கும் பரவியபோது, விண்டோஸ் எக்ஸ்பியில் அச்சுவர் இருந்தும் இயங்காதிருந்தது. 2004இல் வந்த இரண்டாவது சேவைப் பொதி அதனை இயல்பாகவே இயங்கச் செய்தது. ஆயின், நிருவாகி உரிமையுடன் நிறுவப்படும் பிரயோக மென்பொருள்கள் தமக்கு வேண்டிய வாயிலைத் தாமே திறந்துகொள்ளவும் இடமளித்தது.

சாமானியருக்கு இஃது வசதியே, மறுக்கோம். எனினும், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தொழிற்சாலைக்கு வரும் லொறிக்காரர் காவலாளியைக் கேட்டு நுழையலாமேயன்றி, வாயிற் சாவியைத் தாமே வைத்திருத்தல் தகுமோ? பலர் பயிலும் பாடசாலைக் கணினியில் ஒருவர் திறந்த வழி அனைவர்க்கும் ஊறாகும்.

மென்பொருள் கேட்கட்டும், பணிசெயல் முறைமை எளிய தமிழில் வினவட்டும், உரியவர் இசைந்தபின்னரே வாயில் திறக்கட்டும். மென்பொருளை நீக்குங்கால் அவ்வழியும் அடைபடல் வேண்டும் என்பதே எமது துணிபு.