பற்சக்கரத்திற்குக் கைதட்டுவார் யார்?

லாட்விய நாட்டு அசைவூட்டப் படமான 'ஃபிளோ' 2025இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதனை உருவாக்கப் பயன்பட்ட 'பிளெண்டர்' என்னும் கட்டற்ற மென்பொருளும் நாளிதழ்களில் இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால், பற்சக்கரமும் திருகாணியும் வடிவமைக்க உதவும் 'ஃபிரீகேட்' 2002இல் வெளிவரத் தொடங்கி, 2024 நவம்பரில்தான் தன் 1.0 பதிப்பை எட்டியது. வரைபடத்தில் ஓரிடத்தைத் திருத்தினால் அதனைச் சார்ந்த பிற பகுதிகள் குலைந்துபோகும் பழைய குறை அப்பதிப்பில் பெரிதும் நீங்கியது. அதற்காக உழைத்தோருள் தன்னார்வலர் பலர். இதற்கு விருதுமில்லை, விழாவுமில்லை!

பாராட்டுக்காக மட்டும் இதனைக் கூறவில்லை. செய்தி பரவினால்தான் பயன்படுத்துவோர் பெருகுவர். பிழைகளைச் சுட்டுவோரும் திருத்துவோரும் அவர்களிடமிருந்தே வருவர். உரிமக் கட்டணம் செலுத்த இயலாத தொழிற்பயிற்சி மாணவர், விலையின்றிக் கிடைக்கும் இக்கருவி இருப்பதையே அறியாதிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.