ஆஃப்சைடும் பாண்டியன் நெடுஞ்செழியனும்

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். லாலியன்சுவாலா சாங்டே அடித்த கோலால் கத்தாருக்கு எதிராக இந்தியா 1-0 என்று முன்னிலை. ஜெயித்தால், அதுவரை இந்தியா எட்டியே பார்க்காத மூன்றாவது சுற்று!

73-வது நிமிடம். கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுக்கிறார். பந்து உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. கார்னர்தானே என்று நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் பந்தை உள்ளே இழுத்துவிட, இன்னொருவர் வலைக்குள் தள்ள, நடுவர் கோல் என்றார். டிவி பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்த உண்மை, தீர்ப்பு சொல்ல வேண்டியவருக்கு மட்டும் தெரியவில்லை. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் (வி.ஏ.ஆர்.) கிடையாது. 2-1 என்று தோற்று இந்தியா வெளியேறியது. இந்தியக் கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தும் முடிவு மாறவில்லை.

உடனே நடுவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர் வேலை எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆஃப்சைடையே எடுத்துக்கொள்வோம். பந்து உதைபடும் நொடியில், எதிரணிப் பாதியில் நிற்கும் வீரர் பந்தையும், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் இருக்கக்கூடாது. சமமாக இருந்தால் தப்பில்லை. இது 1990-ல் வந்த மாற்றம். கேட்க எளிது. ஆனால் துணை நடுவர் உதைப்பவரின் காலையும், எங்கோ ஓடுபவரின் தோளையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒருவர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் முன்னே ஓட, தடுப்பவர் 3 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் வந்தால், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒரு மீட்டர் மாறிவிடும். கண் இமைப்பதற்குள் நியாயம் அநியாயம் ஆகிவிடுகிறது!

ஆக, தவறு நடக்கும். கேள்வி அதுவல்ல. தவறு என்று தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

2010 ஜூன் 27, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் டெவெஸ் அப்பட்டமான ஆஃப்சைடில் நின்று கோல் அடித்தார். அரங்கின் பெரிய திரையிலேயே ரீப்ளே ஓடியது. மெக்சிகோ வீரர்கள் திரையைக் காட்டிக் கத்தினார்கள். நடுவரும் துணை நடுவரும் கூடிப் பேசினார்கள். ஆனால் வீடியோவை வைத்து முடிவை மாற்ற அன்றைய விதியில் இடமில்லை. கோல் கோலாகவே நின்றது. அதே நாளில் இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்து, கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்த பந்தும் கோல் இல்லை என்றானது. இரண்டு நாள் கழித்து ஃபிஃபா தலைவர் பிளாட்டர் இரு அணிகளிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அதன் பிறகு 2014 உலகக் கோப்பையில் கோல் கோட்டுத் தொழில்நுட்பம், 2018-ல் வி.ஏ.ஆர்., 2022-ல் கூரையில் 12 கேமராக்கள், பந்துக்குள் சென்சார் என்று எல்லாம் வந்துவிட்டன. பிரச்சினை தீர்ந்ததா? 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது நல்ல கோல். மைதானத்தில் ஆஃப்சைடு என்றார்கள். வீடியோ அறையிலோ, கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார்கள்! மெஷின் சரியாகத்தான் இருந்தது, மனிதர் தடுமாறினார். ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும். நடுவர் அமைப்பு அன்றே தவறை ஒப்புக்கொண்டது. சில நாட்களில் அந்த அறையின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது.

மதுரைக்காரர்களுக்கு இது புதிய கதையா என்ன? தட்டானின் பேச்சை நம்பி, விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, தெறித்ததோ மாணிக்கம். அன்றைய ரீப்ளே அதுதான்! "தீர்ப்பு சொல்லியாயிற்று, இனி மாற்ற முடியாது" என்று அவன் சொல்லவில்லை. தவறை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விட்டான். கோவலன் திரும்பி வரவில்லை. ஆனாலும் பாண்டியனை இன்றுவரை யாரும் கொடுங்கோலன் என்று சொல்வதில்லை. அதே மதுரைச் சீமையில், 2024 அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் 18 காளைகளை அடக்கியவர் முதல் பரிசான காரை வாங்க, 17 என்று அறிவிக்கப்பட்டு இரண்டாமிடம் வந்தவர் கணக்கே தவறு என்று முறையிட்டார். ஒரே ஒரு காளை வித்தியாசம்! எந்த விளையாட்டானாலும் தோற்றவர் கேட்பது ஒன்றுதான்: "எப்படி முடிவு செய்தீர்கள், காட்டுங்கள்."

ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கும், மேலூர், உசிலம்பட்டி பொட்டல்களுக்கும் 12 கேமரா வரப்போவதில்லை. அங்கே கொடி பிடிக்கக்கூட பல நேரம் ஆள் கிடைப்பதில்லை. ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. 2024 யூரோ கோப்பையில் செய்தது போல கேப்டன் மட்டும் நடுவரிடம் பேசட்டும். நடுவரும் காரணத்தைச் சொல்லட்டும். ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் தவறை உணர்ந்தால் முடிவை மாற்ற விதியே அனுமதிக்கிறது. அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். செல்போனில் எடுத்த வீடியோவை ஆட்டம் முடிந்ததும் நடுவரும் வீரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். சண்டைக்காக அல்ல, அடுத்த ஆட்டத்துக்காக.

தவறு செய்த நடுவரை ஒரு வாரத்தில் மறந்துவிடலாம். "நான் சொன்னதுதான் சரி" என்று சாதிக்கும் நடுவர் விசில் ஊதும் மைதானத்துக்கு, அடுத்த வாரம் எந்தப் பையன் ஆட வருவான்?