சிவப்பைக் காட்டியவருக்குக் கைதட்டல்

கம்பெனி கலாச்சாரம்னா என்னங்க? வெள்ளிக்கிழமை டீ-ஷர்ட், இலவச காபி, சுவரில் "நாம் ஒரே குடும்பம்" போஸ்டர்... இதெல்லாம் வெறும் அலங்காரம். கெட்ட செய்தியை மேலே சொன்னவருக்கு அடுத்த நிமிஷம் என்ன நடக்குது? அதைத்தான் பார்க்கணும்.

ஃபோர்டு கதையையே எடுத்துக்கங்க. 2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி தலைமைக்கு வந்தார். அந்த வருஷம் மட்டும் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். வியாழக்கிழமைதோறும் கூட்டம். ஒவ்வொரு அதிகாரியும் தன் வேலை நிலவரத்தை நிறத்தில் காட்டணும். பச்சைன்னா சரி, மஞ்சள்னா இழுபறி, சிவப்புன்னா சிக்கல். பார்த்தால் எல்லாமே பச்சை! கம்பெனி மூழ்குது, ஆனா ஒருத்தர்கிட்டயும் பிரச்சினை இல்லையாம். (நம்ம பிராஜக்ட் ரிவ்யூ ஞாபகம் வருதா?)

ஒருநாள் மார்க் ஃபீல்ட்ஸ் மட்டும் சிவப்பைக் காட்டினார். எட்ஜ் காரின் பின்கதவில் கோளாறு, வெளியீட்டை நிறுத்தியாச்சு என்றார். அறையே கப்சிப். ஆள் காலின்னு மற்றவர்கள் நினைத்திருக்க, முலாலி கைதட்டினார். யார் உதவ முடியும்னு கேட்டார். கொஞ்ச வாரத்தில் மற்றவர்களின் தாள்களிலும் சிவப்பும் மஞ்சளும் எட்டிப் பார்த்தன.

2009ல் ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு தப்பியது. சொத்துக்களை அடகு வைத்து 2006லேயே வாங்கிய கடன் அதற்குப் பெரிய காரணம், மறுக்கலை. ஆனா அந்தப் பணத்தை எந்த ஓட்டையை அடைக்கப் போடுவதுன்னு தெரிய, ஓட்டை இருக்குன்னு யாராவது சொல்லணுமே?

"எங்க மேனேஜர் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்" என்பவர்களிடம் கேட்டுப் பாருங்க: அதன் வழியே கெட்ட செய்தி கொண்டுபோனவர் இப்போ எங்கே இருக்கார்? ஃபீல்ட்ஸ், 2014ல் ஃபோர்டின் தலைவராகவே ஆனார்.