எண்ணை வைத்துத் தேடுங்கள்

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. அன்றிலிருந்து திருவண்ணாமலையை அடுத்த நம் வேங்கிக்காலில் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழுந்த கேள்வி ஒன்றுதான்: “நம்ம பேரு இருக்கா?” டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. அதற்கு முன் மாநிலத்தில் சுமார் 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்கள். வரைவில் இருந்தவர்கள் சுமார் 5 கோடியே 43 லட்சம். குறைந்தவை ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள். இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று தேர்தல் ஆணையம் காரணம் சொன்னது.

அந்த 97 லட்சத்தில் நம் தெருவில் எத்தனை? நம் வீட்டில் யார்? பழைய பட்டியலும் புதிய பட்டியலும் கைக்குக் கிடைத்தால், இதற்கு விடை சொல்வது கணினிக்கு மிகச் சிறிய வேலை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளை எழுதக்கூடிய நிரல் அது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பட்டியல்களை ஒப்பிடத் தெரிந்த ஊரில், யாருடைய பெயரும் சத்தமில்லாமல் விடுபட்டுப்போக முடியாது.

ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலைக் கணினியில் ஒரு எளிய எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வரிக்கு ஒருவர். வாக்காளர் அட்டை எண், பெயர், உறவினர் பெயர், வீட்டு எண் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பிரிப்புக் குறி. பலரும் கமாவைப் போடுவார்கள். நம் முகவரிகளுக்குள்ளேயே கமா வந்துவிடும், பிறகு வரி தாறுமாறாக உடையும். டேப் அல்லது செங்குத்துக் கோடு போடுவது நல்லது. இப்படிப் பழையதற்கு ஒரு கோப்பு, புதியதற்கு ஒரு கோப்பு.

இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பழைய பட்டியலின் ஒவ்வொரு வரியையும் புதிய பட்டியலின் எல்லா வரிகளோடும் பார்த்தால், ஆயிரம் பேர் உள்ள சாவடிக்கே 10 லட்சம் ஒப்பீடு. இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள தொகுதி என்றால் 6,250 கோடி. அவ்வளவு தேவையில்லை. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பகுதிவாரியாக அறைப்பெட்டிகளில் போட்டுவைப்பதுபோல, புதிய பட்டியலை ஒருமுறை படித்து, ஒவ்வொரு அட்டை எண்ணையும் அதற்குரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். பைத்தானில் இதற்கு ‘டிக்‌ஷனரி’ என்று பெயர். பிறகு பழைய பட்டியலை ஒருமுறை படித்தால் போதும். எண் அங்கே இருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரியும். தொகுதி முழுவதற்கும் ஐந்து லட்சம் வரிகளைப் படிப்பதோடு வேலை முடிந்தது. சாதாரண மடிக்கணினிக்கு அது சில நொடி. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய ‘ஆக்’ என்ற சிறு மொழியில் இதே வேலையை ஒற்றை வரியில் எழுதிவிடலாம்.

நிரல் மூன்று கட்டுகளைத் தரும்: இரண்டிலும் இருப்பவர்கள், பழையதில் மட்டும் இருப்பவர்கள், புதியதில் மட்டும் இருப்பவர்கள். ஓட்டுவதற்கு முன், ஒரே எண் ஒரே கோப்பில் இருமுறை வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். வந்தால் டிக்‌ஷனரி கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு முந்தையதை விழுங்கிவிடும்.

இதெல்லாம் எளிது. எந்த நெடுவரிசையை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாவடிக்குரிய பாகம் எண்ணையும் அதில் வாக்காளரின் வரிசை எண்ணையும் வைக்கலாமா? கூடாது. ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆணையம் முடிவெடுத்ததால் பல சாவடிகள் பிரிந்தன. பாகமும் வரிசையும் மாறிவிட்டன. பெயரை வைக்கலாமா? நம் ஊரில் அது இன்னும் ஆபத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் ஒரு பட்டியலில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி மூவரும் ஒருவரே என்று நிரலுக்கு யார் சொல்வது? கணினித் தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘பொன்னி’யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு அவை வேறு வேறு பெண்கள். யூனிகோடு இவ்விரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவியும் பைத்தானிலேயே இருக்கிறது. அதைப் போட மறந்தால் பொன்னி ‘இல்லை’ ஆகிவிடுவார்.

பெயரை வைத்துப் பொருத்துவதில் அதிகம் அடிபடுபவர்கள் பெண்கள். இந்தத் திருத்தத்தில் 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் காட்டச் சொன்னார்கள். அன்று தகப்பன் பெயரோடு, பிறந்த ஊரில் இருந்த பெண், இன்று கணவன் பெயரோடு புகுந்த ஊரில் இருக்கிறார். பெயர், உறவினர் பெயர், வீடு, ஊர் என்று பொருத்திப் பார்க்கக்கூடிய நான்கில் மூன்று மாறிவிட்டது.

எஞ்சுவது வாக்காளர் அட்டை எண்தான். மூன்று ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். சாவடி பிரிந்தாலும் இனிஷியல் இடம் மாறினாலும் அது மாறுவதில்லை. அதிலும் ஆங்கில ‘ஓ’வும் சுழியமும் குழம்பும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு ஒப்பிட்டால் சரியாக வரும்.

அதற்குப் பிறகும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பழையதில் மட்டும் இருக்கும் வரி ஒரு கேள்விதான், தீர்ப்பாகாது. “சார், இவங்க எல்லாம் போலியா?” என்று ஒரு மாணவன் அந்தக் கட்டைப் பார்த்ததும் கேட்டான். அவனுக்கு நான் சொன்னது: “தெரியாது தம்பி. அந்த வீட்டுக் கதவைத் தட்டினால்தான் தெரியும்.” பிழைப்புக்குப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிற மாவட்டம் இது. படிவம் கொண்டுவந்த நாளில் வீடு பூட்டியிருந்தால் அவர் ‘காணவில்லை’. பொங்கலுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அவர் இருக்கிறார். இரண்டு கோப்புகளில் ஒன்றில் இல்லை என்பதற்கு மேல் நிரலுக்கு எதுவும் தெரியாது. தெருவைத் தெரிந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர்தான், அவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ, அந்த வரியை வாசிக்கத் தகுதியானவர். நிரலின் பயன், அவர் ஆயிரம் வீட்டைத் தட்டுவதற்குப் பதில் எந்த ஐம்பது அறுபது வீட்டை மறுபடி தட்ட வேண்டும் என்று காட்டுவது. விடுபட்டவர் உயிரோடு, தகுதியோடு இருந்தால் பெயரைச் சேர்க்கப் படிவம் 6 இருக்கிறது.

ஆனால் பட்டியல் நமக்கு எழுத்துக் கோப்பாகக் கிடைப்பதில்லை. படமாக்கப்பட்ட பக்கங்களாகத்தான் கிடைக்கிறது. நிரலால் அதை நேரடியாகப் படிக்க முடியாது. தேடத்தக்க எழுத்து வடிவில் தர வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான கமல்நாத் தொடுத்த வழக்கை 2018இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 ஆகஸ்ட் 14 அன்று பீகாரில் நடந்த இதே சிறப்புத் திருத்தம் குறித்த வழக்கில் அதே நீதிமன்றம், வரைவில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் பட்டியலைக் காரணத்தோடும், அட்டை எண்ணை வைத்துத் தேடும் வசதியோடும் வெளியிடச் சொன்னது. தமிழ்நாட்டிலும் விடுபட்டவர்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. நல்ல வழி திறந்திருக்கிறது. அதில் இன்னும் சிறிது தூரம் போக வேண்டும்.

பெயர், வயது, முகவரி எல்லாம் ஒரே கோப்பாக வெளியே போனால் அதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் நியாயமானது. பெண்களின் விவரங்கள் அப்படித் திரட்டப்படுவதை நானும் விரும்ப மாட்டேன். ஆனால் ஒப்பிடுவதற்குப் பெயரே வேண்டாம். அட்டை எண், பாகம் எண், சேர்த்தல் அல்லது நீக்கலின் காரணம் என்ற மூன்று நெடுவரிசை போதும். யாருடைய முகமும் முகவரியும் அதில் இல்லை. தன் அட்டையைக் கையில் வைத்திருப்பவர் தன் வரியை அடையாளம் காண்பார். சாவடிவாரியாக இப்படி ஒரு கோப்பை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஆணையம் வெளியிட வேண்டும். படத்தை எழுத்தாக்கும் வசதி பணமும் ஆளும் உள்ளவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வசதி இல்லாதவர்கள் சாதாரண வாக்காளர்கள்தான்.

நம் பங்குக்கும் வேலை உண்டு. திருவண்ணாமலையில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். செய்முறைத் தேர்வுக்கு மாணவர் மதிப்பெண் பட்டியலை அவர்கள் எத்தனை முறைதான் ஒப்பிடுவார்கள்? ரேஷன் கடையின் குடும்ப அட்டைப் பட்டியல், ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவு, முதியோர் ஓய்வூதியப் பட்டியல் என்று மக்கள் வாழ்வை முடிவுசெய்வன எல்லாம் இன்று இரண்டு பட்டியல்களின் பொருத்தத்தில்தான் நிற்கின்றன. எந்த எண்ணை வைத்துப் பொருத்தினார்கள், பொருந்தாதவர்களை யார் நேரில் பார்த்தார்கள் என்று கேட்கத் தெரிந்த தலைமுறை நமக்கு வேண்டும். ஆசிரியர்கள் அடுத்த வகுப்பில் இந்த இரண்டு கேள்விகளையும் நிரலோடு சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.