இளங்குதிரையின் முதுகும் மனிதனின் அவசரமும்

மொன்றியல் பழைய நகரின் கற்பாவிய தெருக்களில் குதிரை வண்டிகள் ஓடிய காலம் 2019 டிசம்பர் 31 உடன் முடிவடைந்தது. மாநகரசபை அவற்றைத் தடைசெய்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், அன்றைய விவாதம் பெரும்பாலும் களைத்த குதிரையைப் பற்றியதாகவே இருந்தது. அது எந்த வயதில் உழைக்கத் தொடங்கியது என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றது. முதுமையில் வெளிப்படும் நொண்டலுக்கான விதை பல வேளைகளில் இளமையிலேயே விழுந்துவிடுகிறது.

கியூபெக்கிற்கென ஓர் இனம் உண்டு. 1665இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் அனுப்பிய குதிரைகளின் வழிவந்த 'கனடியக் குதிரை'யே அது. 1970களில் சில நூறாக அருகிப் பின்னர் மீண்ட அவ்வினம், 2002இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியக் குதிரையாயிற்று. கடுங்குளிரைத் தாங்கும் இக்குதிரை மெதுவாகவே முதிர்கிறது.

இரண்டு வயதில் அதன் உயரத்தைக் கண்டு ஏமாறலாகாது. எலும்பு நுனிகளிலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு, குளம்பை அடுத்த எலும்புகளில் முதலாண்டளவில் இறுகுகிறது. முன்னங்கால் முழங்காலுக்கு மேலே ஏறத்தாழ இரண்டரை வயதாகும். முதுகெலும்பிலோ ஐந்து வயது கடக்கவேண்டும். கடைசியாக இறுகும் இடத்தின்மீதே மனிதன் முதலில் ஏறி அமர்கிறான்.

அதற்காகக் குட்டியைக் கொட்டிலில் அடைத்துவைப்பதும் தீதே. மேய்ச்சல் நிலத்தில் ஓடித்திரிவதாலேயே எலும்பு உரம் பெறுகிறது. மூன்று வயதில் கயிற்றில் நடக்கவும், வெறுஞ்சேணத்தைத் தாங்கவும், குரலுக்குப் பணியவும் பழக்கலாம். நான்கு வயதளவில் இலேசான ஒருவர் ஏறி, நேர்வழியில் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்தினாற் போதும். சிறுவட்ட ஓட்டமும் தாவுதலும் காத்திருக்கட்டும். காலில் சூடோ வீக்கமோ கண்டால் அன்றே நிறுத்தவேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, பணமுமாகும். வட அமெரிக்கப் பந்தயக் குதிரைகள் யாவும் சனவரி முதலாம் திகதியே வயதேறுகின்றன. மே மாதம் பிறந்த குட்டி இருபது மாதமளவிலேயே 'இரண்டு வயது' ஆகிவிடுகிறது. கென்ரக்கி டேர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியது. ஒலிம்பிக் தாவுதலிலோ ஒன்பது வயதுக்குக் குறைந்த குதிரைக்கு இடமில்லை. விலங்கு ஒன்று, கணக்கு இரண்டு!

வருவாயின்றி மேலும் இரு குளிர்காலம் தீனி போடுவது எளிதன்று என்பது மெய்யே. ஆனால், எட்டு வயதில் நொண்டும் குதிரை அதனினும் பெருஞ்செலவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்கடந்து பெருவிலைக்கு வாங்கிய குதிரைகள் பேணத் தெரியாமையால் ஆண்டுக்குள்ளேயே பெரும்பாலும் மடிந்தன என எழுதிச் சென்றார். விலை கொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

பிள்ளைகளைக் குதிரையேற்றம் பயில அனுப்பும் பெற்றோர் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "இதன் முதுகில் முதன்முதல் ஆள் ஏறியது எந்த வயதில்?" கேட்போர் பெருகினால், காத்திருப்போரும் பெருகுவர்.