நிதானத்திற்கு அற்புதம் எதற்கு?

சீனப் பூங்காக்களில் விடியற்காலையில் முதியவர்கள் கூடி நின்று, நீருக்குள் நடப்பவர்களைப் போலக் கைகால்களை மெல்ல அசைப்பதை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். தாய்ச்சி, சீகோங் என்னும் இப்பயிற்சிகள் எல்லா நோய்க்கும் மருந்து என்று முழங்குவோர் ஒருபுறம். வெறும் கைவீச்சு என்று எள்ளுவோர் மறுபுறம். இவ்விரு சாராரிலும் முழங்குவோரே அதிகத் தீங்கு செய்கிறார்கள் என்பது நம் கருத்து.

தாய்ச்சி பிறப்பால் போர்க்கலை. ஹெனான் மாநிலத்தின் சென் கிராமத்தில், 17ஆம் நூற்றாண்டில் அது உருப்பெற்றதாகப் பலரும் கருதுவர். 1956இல் சீன அரசு அதனை 24 அசைவுகளாகச் சுருக்கி எளிமைப்படுத்தியது. மூச்சையும் அசைவையும் இணைக்கும் சீகோங்கின் மூலம் இன்னும் தொன்மையானது. கி.மு. 168இல் மூடப்பட்ட மவாங்துய் கல்லறையொன்றில் கிடைத்த பட்டு ஓவியத்தில், 44 மனித உருவங்கள் உடலை வளைத்தும் நீட்டியும் நிற்கின்றன.

இத்தகைய மரபுக்கு 1980களில் சீனாவிலேயே ஒரு சோதனை வந்தது. உள்ளங்கையிலிருந்து ஆற்றலைச் செலுத்தித் தொலைவிலுள்ள நோயாளியையும் குணப்படுத்துவோம் என்ற சீகோங் குருமார்கள் அரங்குகளை நிரப்பினர். அந்தக் கூற்றுகள் மெய்ப்பிக்கப்படவில்லை. அவற்றின் மீது எழுந்த ஐயம் பயிற்சியின் மீதும் படிந்தது.

மெய்ப்பிக்கப்பட்டது எது? 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பார்க்கின்சன் நோயுற்ற 195 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 24 வாரங்கள் பயிற்சியளித்தனர். உடல் சமநிலையில் தாய்ச்சிக் குழுவினர் மற்ற இரு குழுக்களையும் விஞ்சினர். தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே கீழே விழுந்தனர். எடைப்பயிற்சிக் குழுவோடு ஒப்பிடுகையில் விழுதலில் பெரிய வேறுபாடு இல்லை. நோயும் நீங்கிவிடவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. முழங்காலைச் சற்றே மடித்து, உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றும்போது தொடையும் கணுக்காலும் இடைவிடாது உழைக்கின்றன. வேகம் இருந்தால் தடுமாற்றம் மறைந்துபோகும். நிதானத்தில் அது உடனே புலப்படும், திருத்திக்கொள்ளவும் முடியும்.

இது சிறிய பயன் என்று தோன்றலாம். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரின் வீட்டைக் கேட்டால் அதன் அளவு தெரியும். எலும்பு கூடிய பின்னும் நடக்கும் அச்சம் அவரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது.

எனவே, மாத்திரைகளை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அழைக்கும் ஆசானை நாம் விலக்கவேண்டும். மருந்து தொடரட்டும், மருத்துவரும் அறியட்டும், முழங்கால் வலியுள்ளவர்கள் ஆழ மடிக்காதிருக்கட்டும். தொடக்கத்தில் சுவரருகே நின்று பழகினாலும் குறையொன்றுமில்லை. இவற்றைச் சொல்லித்தரும் ஆசானிடம் நம் வீட்டுப் பெரியவர்களைத் தயங்காமல் அனுப்பலாம்.