நிலம் கைமாறியது, மீன் எங்கே?

அமெரிக்காவின் வடமேற்கே ஓடும் கொலம்பியா நதியின் மீன்களைக் காப்பாற்ற 2023 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. யாக்கமா, நெஸ் பெர்ஸ், உமடில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய நான்கு பூர்வகுடி மக்களுடனும், ஆரெகான், வாஷிங்டன் மாநிலங்களுடனும் மத்திய சர்க்கார் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. 10 ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்கு. 2025 ஜூன் 12-ம் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஒரே கையெழுத்தில் அதைக் குப்பையில் எறிந்தார்.

மீனுக்கு ஒதுக்கிய பணம்தானே, போனால் என்ன என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அது தர்மப் பணமல்ல, பாக்கி! 1855-ல் இம்மக்களிடம் லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை எழுதி வாங்கிய அமெரிக்க சர்க்கார், வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமை உண்டு என்று அதே உடன்படிக்கைகளில் எழுதிக் கொடுத்தது. வேலையை வாங்கிக்கொண்டு கூலியை நாளை, நாளை என்று தள்ளும் மிராசுதாரை நம் தோழர்கள் அறிவார்கள். இதுவும் அந்தக் கணக்குத்தான்.

சால்மன் மலை ஓடையில் பொரித்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும் மீன். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் ஏறிவந்தது. அதன் வழியில் அணைமேல் அணை எழுப்பினார்கள். 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறும் படிகூட வைக்கவில்லை. அதற்கு மேலுள்ள நதி முழுவதும் சால்மனுக்கு அடைபட்டது. நதியின் மின்சாரமோ யுத்த விமானங்களுக்கு அலுமினியம் உருக்கவும், ஹான்ஃபோர்டில் அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் செய்யவும் போயிற்று. 1957 மார்ச் 10-ம் தேதி டாலஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அம்மக்கள் மீன் பிடித்துவந்த செலீலோ அருவி சில மணி நேரத்தில் முழுகிவிட்டது.

பிறகு 1962 முதல் 1975 வரை உபநதியான ஸ்னேக்கில் நான்கு அணைகள். ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் மீன் இன்று 8 அணைகளைத் தாண்ட வேண்டும். 1992-ல் அந்த ஏரிக்குத் திரும்பிய 'சாக்ஐ' வகைச் சால்மன் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

பைடன் சர்க்காரும் ஸ்னேக் அணைகளை உடைக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஓடைகளைச் சீர்செய்ய, குஞ்சுப் பண்ணைகளைப் பழுதுபார்க்க, மாற்று மின்சாரம் தேடப் பணம் தருகிறோம் என்றது, அவ்வளவே. அதற்கே டிரம்ப் 'தீவிரவாதம்' என்று பட்டம் சூட்டுகிறார். மின்சாரம் போய்விடும் என்று பூச்சாண்டி காட்டுகிறார். அணை மின்சாரத்தையும் கோதுமைப் படகுகளையும் நம்பிப் பிழைக்கும் உழைப்பாளிகள் அங்கே உண்டு என்பது உண்மைதான். அவர்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று ஆராயும் வேலையும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருந்தது. அதையும் சேர்த்தே அல்லவா வெட்டியிருக்கிறார்?

ஒப்பந்தத்தை நம்பி நிறுத்தி வைத்திருந்த வழக்கு 2025-லேயே மீண்டும் நீதிமன்றம் ஏறிற்று. நாம் அந்தப் பூர்வகுடி மக்களின் பக்கம் நிற்கிறோம். ஒப்பந்தம் திரும்ப வர வேண்டும். ஒப்புக்கொண்ட பணம் குறையாமல் கொடுக்கப்பட வேண்டும்.